வைஃபை வரலைன்னா முதல்ல எங்க பார்க்கணும்?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். லினக்ஸ் பத்தி எப்போ பேசினாலும் திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வி இருக்கு. "லினக்ஸ் போட்டேன், வைஃபை வரலை, என்ன கமாண்ட் அடிக்கணும்?" கமாண்ட் சொல்றதுக்கு முன்னாடி, இதே கேள்விக்கு நான் ஒரு கமாண்ட் சொல்லி வசமா மாட்டிக்கிட்ட கதையைச் சொல்லிடறேன்.

என் சித்தி பொண்ணு திருச்சியில ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா. அவளுக்குப் புது லேப்டாப் வாங்கித் தர்ற நிலைமையில வீட்ல யாரும் இல்லை. நான் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். 2014 மாடல். ஒரு பழைய எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மிண்ட் இன்ஸ்டால் பண்ணி, சவுண்டு வருதா, வீடியோ ஓடுதா, தமிழ் டைப்பிங் வேலை செய்யுதான்னு எல்லாத்தையும் பார்த்துட்டுதான் கொடுத்தேன். பெருமையா இருந்துச்சு.

ஒரு பத்து நாள் கழிச்சு ராத்திரி பத்தரைக்கு போன். "அண்ணா, வைஃபை ஐகானே காட்டலை."

அப்பதான் எனக்கு உறைச்சுது. என் வீட்ல மேஜைக்குப் பக்கத்துலயே ரவுட்டர் இருக்கு. இன்ஸ்டால் பண்ண முதல் நிமிஷத்துலேருந்து கடைசி நிமிஷம் வரைக்கும் லேன் கேபிள் சொருகியே இருந்துச்சு. நெட் வந்துச்சு, அதனால வைஃபையை நான் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கலை. அவ ஹாஸ்டல்ல லேன் பாயிண்டே கிடையாது.

மறுநாள் சாயங்காலம் அவளோட ஸ்காலர்ஷிப் ஃபார்முக்குக் கடைசி. போன்ல அந்தப் பக்கம் பாதிதான் திறக்குது, சான்றிதழை அப்லோட் பண்ற இடத்துல நின்னுடுது. ஒரு பொண்ணோட ஒரு வருஷ ஃபீஸ் அதுல இருக்கு.

நான் என்ன பண்ணேன்? பதட்டத்துல என் போன்ல தேடினேன். "மிண்ட்ல வைஃபை வேலை செய்யலையா, இந்த மூணு வரியை அடி"ன்னு ஒண்ணு கிடைச்சுது. வரி வரியா அவளுக்குச் சொன்னேன். முதல் வரி, நெட்வொர்க் மேனேஜரை மொத்தமா நீக்கும். ரெண்டாவது வரி, அதைப் புதுசா இறக்கி நிறுவும். அவ முதல் வரியை அடிச்சா, அழகா நீங்கிடுச்சு. ரெண்டாவது வரியை அடிச்சா, எர்ரர். இருக்காதா பின்ன? இறக்குறதுக்கு நெட் வேணும். நெட் இல்லைன்னுதானே போனே பண்ணா!

அதுவரைக்கும் வைஃபை மட்டும்தான் இல்லை. இப்ப எந்த வழியில நெட் வந்தாலும் அதை எடுத்து இணைக்கிற மென்பொருளே இல்லை. அவ ஒண்ணும் திட்டலை. "பேசாம விண்டோஸே போட்டுக் கொடுத்திருக்கலாம்ல அண்ணா"ன்னு மட்டும் கேட்டா.

சரி. இங்க கொஞ்சம் நிறுத்திக்கிறேன்.

நான் பண்ண தப்பு, அந்த கமாண்ட் தப்பானதுங்கிறது இல்லை. யாரோ ஒருத்தருக்கு, அவரோட மெஷின்ல, அவரோட பிரச்னைக்கு அது சரியாத்தான் இருந்திருக்கும். அவ பிரச்னை என்னன்னு நான் கேட்கவே இல்லை. "வைஃபை வரலை"ங்கிறது, டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்லை"ன்னு சொல்ற மாதிரி. அதுக்குள்ள ஏழெட்டு வேற வேற வியாதி இருக்கு. எது கீழே, எது மேலேன்னு ஒரு வரிசை இருக்கு. கீழேருந்து ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல இடம் தெரிஞ்சிடும். நடுவுல குதிச்சா ராத்திரி முழுக்கப் போகும்.

முதல் கேள்வி: அந்த வைஃபை கார்டு உள்ள இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுதா? டிரைவர் இருக்கா, பாஸ்வேர்டு சரியாங்கிறதெல்லாம் அப்புறம். இதுக்கு டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐன்னு அடிக்கணும். அது கூட ஒரு இடைவெளி விட்டு, ஒரு சின்னக் கோடு போட்டு, என்என்கே. (எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. போன்ல இதைச் சொல்றப்ப "கோடுன்னா மேல இருக்கிறதா, கீழ இருக்கிறதா அண்ணா"ன்னு கேட்டா. பூஜ்யத்துக்குப் பக்கத்து பட்டன், ஷிஃப்ட் அழுத்தாம. போன்ல உதவி பண்றவங்க இதை மனப்பாடம் பண்ணி வச்சுக்கோங்க.) யூஎஸ்பி டாங்கிளா இருந்தா எல்எஸ்யூஎஸ்பி.

வர்ற பட்டியல்ல "நெட்வொர்க் கன்ட்ரோலர்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. இல்லவே இல்லைன்னா, உலகத்துல இருக்கிற எந்த டிரைவரைப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. பயாஸ்ல வயர்லெஸ்ஸை ஆஃப் பண்ணி வச்சிருக்கலாம். கார்டு ஸ்லாட்ல சரியா உட்காராம இருக்கலாம், பழைய லேப்டாப்பைத் திறந்து மூடினவங்களுக்கு இது நடக்கும். இல்லைன்னா கார்டே செத்திருக்கலாம்.

வரி இருந்துச்சுன்னா, கடைசியில சதுர அடைப்புக்குறிக்குள்ள நாலு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, இன்னொரு நாலு எழுத்துன்னு ஒரு எண் இருக்கும். அதுதான் அந்த சிப்போட ஆதார் நம்பர். முதல் பாதி, தயாரிச்ச கம்பெனி. ரெண்டாவது பாதி, எந்தச் சிப். லேப்டாப் மாடல் பேரை வச்சுத் தேடாதீங்க. ஒரே மாடல்லயே வேற வேற சிப் போட்டு வித்திருப்பாங்க. யூஎஸ்பி டாங்கிள் இன்னும் மோசம், அட்டைப்பெட்டியில அதே பேர்தான் இருக்கும், வெர்ஷன் மாறினா உள்ள இருக்கிற சிப்பே மாறியிருக்கும். இந்த எண்ணை வச்சுத் தேடுங்க.

அதுக்குக் கீழேயே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்"னு ஒரு வரி வரணும். ரெண்டாவது கேள்வி அதுதான்: டிரைவர் அதைப் பிடிச்சிருக்கா? அவளோட மெஷின்ல கார்டு இருந்துச்சு, எண் இருந்துச்சு, இந்த வரி மட்டும் இல்லை. ஆக, கார்டு நல்லா இருக்கு, ஓட்டத்தான் ஆள் இல்லை. இந்த ஒரு விஷயம் தெரிய ரெண்டு நிமிஷம் ஆச்சு. இதை நான் நெட்வொர்க் மேனேஜரைத் தூக்குறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும்.

டிரைவர் இருந்தும் வேலை செய்யலைன்னா அடுத்த சந்தேகம் ஃபர்ம்வேர். இது நிறைய பேரைக் குழப்புற விஷயம், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். டிரைவர்ங்கிறது நம்ம ப்ராசஸர்ல, கெர்னலுக்குள்ள ஓடுற புரோகிராம். ஃபர்ம்வேர்ங்கிறது அந்த வைஃபை சிப்புக்குள்ளேயே ஓடுற புரோகிராம். நிறைய சிப்கள்ல கரண்ட் போனா அது மறந்துடும். அதனால ஒவ்வொரு தடவை பூட் ஆகுறப்பவும், டிரைவர் டிஸ்க்லேருந்து அந்தக் கோப்பை எடுத்து சிப்புக்குள்ள ஏத்தணும். டிரைவர் திறந்த மூலமா இருக்கும், ஃபர்ம்வேரோட சோர்ஸை மட்டும் கம்பெனி தராது. "கோப்பைத் தர்றோம், வச்சுக்கோங்க, உள்ள என்ன இருக்குன்னு கேட்காதீங்க"ங்கிற கதைதான்.

இதனாலதான் டெபியன்ல ரொம்ப வருஷமா இது ஒரு பெரிய விவாதமா இருந்துச்சு. சுதந்திர மென்பொருள் மட்டும்தான் தருவோம்னு உறுதி எடுத்தவங்க அவங்க. அதனால அதிகாரபூர்வமான இன்ஸ்டால் பென்டிரைவ்ல இந்த மாதிரி ஃபர்ம்வேர் இருக்காது. கொள்கைப்படி சரி. ஆனா வைஃபை மட்டுமே இருக்கிற லேப்டாப்ல, வைஃபை ஃபர்ம்வேரை இறக்க வைஃபை வேணும்ங்கிற நிலைமை. 2022ல ஓட்டெடுப்பு நடத்தி, இன்ஸ்டாலர்லயே ஃபர்ம்வேரைச் சேர்க்கலாம்னு முடிவு பண்ணாங்க. 2023 ஜூன்ல வந்த டெபியன் 12லேருந்து அப்படித்தான் வருது. கொள்கையில விட்டுக்கொடுத்துட்டாங்கன்னு வருத்தப்பட்டவங்களும் இருக்காங்க. எனக்கு அந்த வருத்தம் புரியுது. ஆனா அந்த ராத்திரி பத்தரை மணி போனை எடுத்தவன்ங்கிற முறையில, நான் ஓட்டு போட்ட பக்கம்தான் இருக்கேன்.

ஃபர்ம்வேர் பிரச்னையான்னு தெரிஞ்சுக்க, கெர்னலோட டைரியைப் படிக்கணும். டி, எம், இ, எஸ், ஜி, இந்த அஞ்சு எழுத்துதான் கமாண்ட். முன்னாடி சூடோ போட்டுக்கோங்க. பக்கம் பக்கமா வரும், பயப்படாதீங்க. "ஃபர்ம்வேர்"ங்கிற வார்த்தையைத் தேடுங்க. கோப்பு கிடைக்கலைன்னா, எந்தக் கோப்புன்னு பேரோட அதுல எழுதியிருக்கும். விண்டோஸ்ல "ஏதோ தவறு நடந்துவிட்டது"ன்னு சொல்லிட்டு விட்டுடும். இங்க கெர்னல் எல்லாத்தையும் எழுதி வைக்குது, நாமதான் படிக்கிறதில்லை.

டிரைவர் இருக்கு, ஃபர்ம்வேர் இருக்கு, இன்னும் வரலை. அப்ப ஆர்எஃப்கில் லிஸ்ட். இது ரெண்டு விதமான பூட்டைக் காட்டும். சாஃப்ட் பிளாக்குன்னா மென்பொருள்ல பூட்டியிருக்கு, ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபைன்னு அடிச்சா திறந்துடும். ஹார்ட் பிளாக்குன்னா லேப்டாப் ஓரத்துல ஒரு குட்டி ஸ்விட்ச், இல்லைன்னா ஆன்டெனா படம் போட்ட ஒரு பட்டன். பையில வச்சு எடுக்கிறப்ப ஸ்விட்ச் நகர்ந்துபோய், அதுக்காக ஓஎஸ்ஸையே மறுபடி போட்டவங்களை எனக்குத் தெரியும். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு: விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா, ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசா அணையாது. சில கார்டுகள் அந்த அரைத்தூக்கத்துலயே இருந்துட்டு லினக்ஸுக்குக் கண்ணு முழிக்காது. அதை ஆஃப் பண்ணிடுங்க.

கதைக்கு வர்றேன். மணி பதினொண்ணே கால். பிரச்னை தெரிஞ்சுபோச்சு: டிரைவர் இல்லை. அதை இறக்க நெட் வேணும். நெட்டுக்கு ஒரே வழி அவ போன்.

யூஎஸ்பி டெதரிங், இதைத் தயவுசெஞ்சு ஞாபகம் வச்சுக்கோங்க. ஹாட்ஸ்பாட் இல்லை, அதுக்கு வைஃபை வேணும். போனை சார்ஜர் கேபிளால லேப்டாப்ல சொருகி, செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணணும். லினக்ஸுக்கு அது ஒரு லேன் கேபிள் மாதிரி தெரியும், தனியா டிரைவர் வேண்டாம். ஆண்ட்ராய்டு போன் வைஃபையில இருந்தா அந்த வைஃபையையே கேபிள் வழியாத் தரும், டேட்டாகூடச் செலவாகாது. உங்க போனே ஒரு வைஃபை கார்டு ஆயிடும்.

அவ சொருகினா. டெதரிங் ஆப்ஷன் மங்கலாத்தான் இருந்துச்சு, அழுத்த முடியலை. அது சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிள், உள்ள டேட்டா கம்பியே கிடையாது. பக்கத்து ரூம் பொண்ணை எழுப்பி வேற கேபிள் வாங்கிட்டு வந்தா.

சாதாரணமா இதோட முடிஞ்சிருக்கும். ஆனா நான்தான் நெட்வொர்க் மேனேஜரை நீக்க வச்சுட்டேனே. அதனால கையால ஐபி வாங்கணும். ஐபி, இடைவெளி, ஏன்னு அடிச்சா எல்லா நெட்வொர்க் இன்டர்ஃபேஸும் வரும். அதுல புதுசா, "இஎன்"னு ஆரம்பிக்கிற நீளமான பேர்ல ஒண்ணு இருந்துச்சு. சூடோ, டிஹெச்கிளையண்ட், அந்தப் பேர். மறுபடி ஐபி ஏ. இப்ப அந்தப் பேருக்குக் கீழே 192.168னு ஆரம்பிக்கிற எண் வந்துடுச்சு.

இங்கேருந்து நெட்வொர்க் பக்கத்து வரிசை. உங்க வீட்டுக்கும் இதேதான், அதனால இதைக் கவனமா கேளுங்க. முதல்ல ஐபி வந்திருக்கா. எண்ணே இல்லைன்னாலும் சரி, 169.254னு ஆரம்பிச்சாலும் சரி, ரவுட்டர் பதில் சொல்லலைன்னு அர்த்தம். 169.254ங்கிறது, யாரும் எண் தரலையேன்னு மெஷினே தனக்கு வச்சுக்கிற எண். அடுத்து ரவுட்டரை பிங் பண்ணுங்க. ஐபி ரூட்னு அடிச்சா "டிஃபால்ட் வயா"வுக்கு அப்புறம் வர்றதுதான் ரவுட்டரோட எண். அதுவரைக்கும் போயிட்டு வருதுன்னா உங்க கம்ப்யூட்டர்ல பிரச்னை இல்லைன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். அடுத்து 8.8.8.8, இது கூகுளோட டிஎன்எஸ் சர்வர். அது பதில் சொல்லுது, ஆனா ஒரு தளத்தோட பேரை அடிச்சா வரலைன்னா, ரோடு நல்லா இருக்கு, அட்ரஸ் கேட்டா சொல்லத்தான் ஆள் இல்லை. அது டிஎன்எஸ் பிரச்னை. நாலு கேள்வி, நாலு பதில். எந்த இடத்துல அறுந்திருக்குன்னு தெரிஞ்சிடும். நெட் கம்பெனிக்கு போன் பண்றப்பவும் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னு அவங்க சொல்றதுக்கு முன்னாடி "ரவுட்டர் வரைக்கும் போகுது, அதுக்கு மேல போகலை"ன்னு நாம சொல்லலாம்.

அவளுக்கு நாலும் வந்துச்சு. எண்ணும் போகுது, பேரும் போகுது. நான் "சரி மா, முதல்ல ஃபார்மைத் திற, டிரைவரை நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு சொன்னேன்.

பிரவுசர்ல எந்தத் தளமும் திறக்கலை. எல்லாத்துலயும் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல"ன்னு வருது. ஸ்காலர்ஷிப் தளம் மட்டும் இல்லை, எல்லாமே. நான் போன்ல கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிங் போகுது, பக்கம் திறக்கலை. ஏதாவது வைரஸா, ஹாஸ்டல் நெட்ல தடுக்கிறாங்களா...

அவதான் சொன்னா. "அண்ணா, இதுல மணி சாயங்காலம் அஞ்சரைன்னு காட்டுது. தேதியும் 2014ன்னு இருக்கு."

பழைய லேப்டாப். மதர்போர்டுல காசு அளவுக்கு ஒரு குட்டி பேட்டரி இருக்கும், கடிகாரம் ஓடுறதுக்கு. அது செத்துப்போச்சு. என் வீட்ல லேன் கேபிள் இருந்ததால ஒவ்வொரு தடவையும் நெட்லேருந்து நேரத்தை வாங்கிக்கிச்சு, எனக்குத் தெரியவே இல்லை. அவகிட்ட நெட் இல்லாம, சார்ஜும் முழுசா இறங்கி அணைஞ்சதும், கடிகாரம் தொடக்கத்துக்கே போயிடுச்சு. தளங்களோட பாதுகாப்புச் சான்றிதழ்ல "இந்தத் தேதியிலேருந்து செல்லும்"னு இருக்கும். 2014ல உட்கார்ந்துக்கிட்டுப் பார்த்தா எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை. பிரவுசர் சரியாத்தான் மறுத்திருக்கு.

சூடோ, டேட், கோடு எஸ், மேற்கோள் குறிக்குள்ள அன்னைக்குத் தேதி, நேரம். எண்டர். பக்கம் திறந்துடுச்சு. ஒண்ணேகால் மணிக்கு "சப்மிட் ஆயிடுச்சு அண்ணா"ன்னு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு. நான் போய்த் தண்ணி குடிச்சேன்.

மறுநாள் காலையில டெதரிங்லயே நெட்வொர்க் மேனேஜரைத் திருப்பிப் போட்டோம். அப்புறம் மிண்ட்ல இருக்கிற டிரைவர் மேனேஜரைத் திறந்தா, அந்தச் சிப்புக்கான டிரைவரை அதுவே காட்டுச்சு. கிளிக் பண்ணி நிறுவி, ரீஸ்டார்ட். அதுலயும் ஒரு சறுக்கல். செக்யூர் பூட் ஆன்ல இருந்தா, இப்படி வெளியிலேருந்து வர்ற டிரைவரை நம்பலாம்னு நாம கையெழுத்து போட்டுத் தரணும். நிறுவுறப்ப ஒரு பாஸ்வேர்டு கேட்கும், ரீஸ்டார்ட் ஆனதும் நீல ஸ்கிரீன் ஒண்ணு வரும், அதுல "என்ரோல் மோக்" தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கணும். நான் சொல்ல மறந்துட்டேன். நீலமா ஏதோ வந்ததும் பயந்து "கன்டினியூ" அழுத்திட்டா, டிரைவர் ஏறலை. மறுபடி ஒரு தடவை பண்ண வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் வைஃபை ஐகான் வந்துச்சு. தீபாவளிக்கு வந்தப்ப அந்தக் குட்டி பேட்டரியையும் மாத்திக் கொடுத்தேன்.

இப்ப யாருக்காவது செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போனா, கையில லைவ் பென்டிரைவ் எடுத்துட்டுப் போறேன். கடையிலேயே அதுல பூட் பண்ணி, என் போன் ஹாட்ஸ்பாட்டை வைஃபையில இணைச்சுப் பார்க்கிறேன். பத்து நிமிஷம்தான், பெரும்பாலான கடைக்காரங்க ஒண்ணும் சொல்றதில்லை. வீட்டுக்கு வந்ததும் சார்ஜரையும் பேட்டரியையும் கழட்டி ஒரு ராத்திரி வச்சுட்டு, காலையில நெட் இல்லாம ஆன் பண்ணி மணி சரியா இருக்கான்னு பார்க்கிறேன். லேன் கேபிளைச் சொருகுறதே இல்லை.

உங்களுக்கு இந்த மாதிரி சிக்கல் இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோட்ல எடுத்துக்கலாம். ஆனா "வைஃபை வரலை"ன்னு மட்டும் அனுப்பாதீங்க. எல்எஸ்பிசிஐ கொடுத்த பதில், டிரைவர் வரி இருக்கா இல்லையா, ஆர்எஃப்கில் என்ன சொல்லுது, இந்த மூணையும் போட்டோ எடுத்தாவது அனுப்புங்க. அப்படியே ஸ்கிரீன் ஓரத்துல தேதியும் தெரியிற மாதிரி எடுங்க.